லினக்ஸ் கணினியில் நெட்வொர்க் கார்டின் பெயரை மாற்றுவது: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற பக்கத்து ஊர்களிலும், கடையிலோ பள்ளிக் கணினி அறையிலோ புதிதாக லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்கு ஒரே கணினியை வைத்துக்கொள்வோம். அது கீழ மாசி வீதியில் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறது. அதில் இரண்டு லேன் கார்டுகள் உள்ளன. ஒன்றிலிருந்து கேபிள் ஃபைபர் மோடத்துக்குப் போகிறது. மற்றொன்றிலிருந்து கடைக்குள் இருக்கும் சுவிட்சுக்குப் போகிறது. பில் போடும் கணினிகளும் பிரின்டரும் அந்தச் சுவிட்சில் செருகப்பட்டிருக்கின்றன.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறீர்களே, அவற்றை எப்படித் தட்டச்சு செய்வது?

வகுப்பில் வாயால் சொல்வதைப் போலவே அவற்றை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன். 'இஎன்பி3எஸ்0' என்று இருந்தால் இ, என், பி, மூன்று, எஸ், பூஜ்யம் என்று இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். 'வெளி0' என்ற பெயரை வி, இ, எல், ஐ, பூஜ்யம் என்றும், 'கடை0' என்ற பெயரை கே, ஏ, டி, ஏ, ஐ, பூஜ்யம் என்றும் அடிக்க வேண்டும்.

நெட்வொர்க் இடைமுகமும் லேன் கார்டும் ஒன்றா?

முழுவதும் ஒன்றல்ல. கார்டு என்பது கையால் தொடக்கூடிய பொருள். இடைமுகம் என்பது அந்தப் பொருளை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் கணக்கில் வைத்திருக்கும் பெயரும் நிலையும். கார்டே இல்லாத இடைமுகங்களும் உண்டு. கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் 'லோ' என்பது அப்படிப்பட்டது. அதன் பெயரை மாற்ற வேண்டாம். பல நிரல்கள் அதை அந்தப் பெயராலேயே தேடுகின்றன. கணினியில் என்னென்ன இடைமுகங்கள் உள்ளன என்பதை இந்தக் கட்டளை காட்டும்:

ஐபி லிங்க் ஷோ

பழைய புத்தகங்களில் காணப்படும் 'இஃப்கான்ஃபிக்' கட்டளை இப்போது பல கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை. அதைத் தேடி அலையாமல் 'ஐபி' கட்டளையையே பழகிக்கொள்வது நல்லது.

என் கார்டுக்கு 'இஎன்பி3எஸ்0' என்று வாயில் நுழையாத பெயர் ஏன் வந்தது? முன்பு 'ஈத்0' என்றுதானே இருந்தது?

இதை நம் ஊர் வீதிகளை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காகச் சதுரமாக வீதிகள் அமைந்திருக்கின்றன. மதிலுக்குள்ளே ஆடி வீதி; வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. இவற்றின் முன்னால் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று ஒரு திசையைச் சேர்த்துவிட்டால், அந்த இடத்தை ஒருபோதும் பார்த்திராதவரும் அது எந்தச் சுற்றில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பெயருக்குள்ளேயே இடம் இருக்கிறது.

'இஎன்பி3எஸ்0' என்பதும் அத்தகைய பெயர்தான். முதல் இரண்டு எழுத்துகளான 'இஎன்' என்பது ஈதர்நெட்டைக் குறிக்கும். வைஃபையாக இருந்தால் அந்த இடத்தில் 'டபிள்யூஎல்' வரும். 'பி3' என்பது கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் தடங்களான பிசிஐ பஸ்களில் மூன்றாம் எண் பஸ்ஸையும், 'எஸ்0' என்பது அந்தப் பஸ்ஸில் பூஜ்யமாம் இடத்தையும் குறிக்கின்றன. மதர்போர்டிலேயே பதிந்து வரும் கார்டுக்கு 'இஎன்ஓ1' என்ற வகையில் பெயர் வரலாம். பயிற்சிக்காக விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸை நிறுவியவர்கள் பெரும்பாலும் 'இஎன்பி0எஸ்3' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

பழைய முறையில், கெர்னல் எந்தக் கார்டை முதலில் கண்டுபிடித்ததோ அது 'ஈத்0' ஆயிற்று, அடுத்துக் கண்டது 'ஈத்1' ஆயிற்று. இது பேருந்தில் ஏறிய வரிசையில் ஆட்களுக்கு எண் கொடுப்பதைப் போன்றது. ஒரு கார்டு மட்டும் இருந்தவரை தொல்லை இல்லை. இரண்டு இருந்தால், இன்று முதலில் வந்தது நாளை இரண்டாவதாக வரக்கூடும். அப்போது கடைக்குள் போக வேண்டிய விதிகள் இணையப் பக்கத்துக் கார்டில் போய் உட்கார்ந்துவிடும். இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகத்தான், கணினி தொடங்கும்போது சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி தன் 197ஆம் பதிப்பில், 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் இந்த முறையைக் கொண்டுவந்தது. இன்றும் கெர்னல் முதலில் 'ஈத்0' என்றுதான் பெயர் வைக்கிறது. கணினி தொடங்கும்போது யூடெவ் என்னும் பகுதி அதை மாற்றுகிறது. 'டிமெஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில் 'ரீநேம்டு ஃப்ரம் ஈத்0' என்ற சொற்களைத் தேடிப் பார்த்தால் இதை நீங்களே காணலாம்.

அப்படியானால் புதிய பெயரே நன்றாக இருக்கிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

வீட்டில் ஒரே ஒரு கார்டு உள்ள கணினியாக இருந்தால் மாற்ற வேண்டியதே இல்லை. இதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர் அழகாக இல்லை என்பதற்காக மட்டும் மாற்றப் போய் இணைய இணைப்பை இழந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவதற்குத் தக்க காரணங்கள் இரண்டு. முதலாவது, கார்டுகள் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது, இடத்தைச் சொல்லும் பெயரைவிட வேலையைச் சொல்லும் பெயர் பயன்படும். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வால் விதியில் 'இஎன்பி3எஸ்0' என்று எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அது மோடம் பக்கமா சுவிட்ச் பக்கமா என்று நினைவு வராது. 'வெளி0', 'கடை0' என்று எழுதியிருந்தால் கடைப் பையனுக்கும் விளங்கும். இரண்டாவது, இடத்தை வைத்து வந்த பெயர் சில வேளைகளில் மாறிவிடுகிறது. கணினியில் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ எஸ்எஸ்டியையோ பொருத்தினால் பிசிஐ பஸ் எண்கள் தள்ளிப் போகலாம். நேற்று 'இஎன்பி3எஸ்0' ஆக இருந்த அதே கார்டு இன்று 'இஎன்பி4எஸ்0' ஆகிவிடும். எஸ்எஸ்டி போட்ட பிறகு நெட் வரவில்லை, கார்டு போய்விட்டது போலிருக்கிறது என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கணினிகளில் கார்டு நன்றாகவே இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். மாறியது பெயர் மட்டுமே.

எப்படிப்பட்ட பெயரைத் தேர்ந்தெடுக்கலாம்?

பெயரின் நீளம் 15 பைட்டுகளுக்கு மேல் போகக் கூடாது. கெர்னல் பெயருக்கு 16 பைட்டுகளை ஒதுக்கி, கடைசி ஒன்றை முடிவுக் குறிக்காக வைத்துக்கொள்கிறது. இடைவெளி, சாய்கோடு, முக்காற்புள்ளி ஆகியவை பெயருக்குள் வரக் கூடாது. வெறும் எண்ணாகவும் இருக்கக் கூடாது. என் அறிவுரை: சிறிய எழுத்துகளில், ஐந்தாறு எழுத்துகளுக்குள், கார்டு செய்யும் வேலையைக் குறிக்கும் சொல்லாக வையுங்கள். பின்னால், ஒரே கேபிளில் பல நெட்வொர்க்குகளைப் பிரித்து வைக்கும் விலேன் அமைக்க நேர்ந்தால் 'வெளி0.100' என்பது போல் பெயரின் வாலில் எண் சேரும். அதற்கும் இடம் வேண்டும்.

'ஈத்0', 'ஈத்1' என்று மட்டும் நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். அவை கெர்னல் தானே வழங்கும் பெயர்கள். யூடெவ் ஒரு கார்டுக்கு 'ஈத்0' என்று பெயரிட முயலும் கணத்தில் இன்னொரு கார்டு அந்தப் பெயரில் ஏற்கெனவே இருந்தால் மாற்றம் தோற்றுப் போகும். அது ஒரு நாள் நடக்கும், ஒரு நாள் நடக்காது. இத்தகைய பழுதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. உயிர்மெய் எழுத்தில் வரும் துணைக்குறிக்கும் தனியாக மூன்று பைட்டுகள். 'மதுரை' என்ற சொல்லில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள். ஆகவே சரியாக 15 பைட்டுகள். நம் ஊரின் பெயர் அளவுக்குள் துல்லியமாகப் பொருந்துகிறது. 'மீனாட்சி' என்ற பெயருக்கு 24 பைட்டுகள் வேண்டும், பொருந்தாது. ஆனால் நீளம் சரியாக இருந்தாலும் சிஸ்டம்டி ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே இடைமுகப் பெயராக ஏற்றுக்கொள்கிறது. தமிழ் எழுத்தில் எழுதிய பெயரை அது தள்ளிவிடும். ஆகவே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதே இப்போதைக்கு நடக்கக்கூடிய வழி.

தொடங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கணினியின் முன்னால் போய் உட்கார வேண்டும். திரையும் விசைப்பலகையும் அந்தக் கணினியிலேயே செருகப்பட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் படிப்பதற்குக் கைபேசி போன்ற வேறொரு கருவி கையில் இருக்க வேண்டும், ஏனெனில் இடையில் அந்தக் கணினியில் இணையம் நின்றுவிடும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். ஒரு முறை திருநகரில் என் வீட்டிலிருந்தே, தொலைவிலிருந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக நகருக்குள் இருந்த ஒரு கடைக் கணினியில் நுழைந்து கார்டின் பெயரை மாற்ற முயன்றேன். பெயரை மாற்றுவதற்காக இடைமுகத்தை நிறுத்திய அந்த நொடியிலேயே நான் நுழைந்திருந்த இணைப்பும் அறுந்தது. அதை மீண்டும் தொடங்கும் கட்டளையை அடிக்க வழியில்லாமல் போயிற்று. அன்று சித்திரைத் திருவிழாவில் தேரோட்டம். மாசி வீதிகள் நான்கிலும் தேர் வலம் வரும் நாளில் வண்டி எதுவும் உள்ளே போக முடியாது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டத்துக்குள் நடந்தே கடையை அடைந்து, இரண்டு கட்டளைகளை அடித்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன். அதுவரை அந்தக் கடையில் பில் போட முடியவில்லை. கடைக்காரர் ஒரு சொல்லும் கடுமையாகப் பேசவில்லை. ஆனாலும் அன்று இழந்த வியாபாரம் அவருடையது.

தொலைவிலிருந்து செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தற்காலிக மாற்றத்தை மட்டும், இந்த முன்னெச்சரிக்கையோடு செய்யுங்கள். முதலில் இந்தக் கட்டளையை அடியுங்கள் (முன்னால் வரும் 'சூடூ', கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது):

சூடூ ஷட்டவுன் -ஆர் +10

பத்து நிமிடத்தில் கணினி தானே மறுதொடக்கம் ஆகிவிடும். தற்காலிக மாற்றம் அதோடு அழிந்து பழைய பெயர் திரும்பும். எல்லாம் சரியாக நடந்து நீங்கள் மீண்டும் உள்ளே நுழைய முடிந்தால், 'சூடூ ஷட்டவுன் -சி' என்று அடித்து அந்த மறுதொடக்கத்தை நீக்கிவிடலாம்.

தற்காலிகமாகப் பெயரை மாற்றிப் பார்ப்பது எப்படி?

மூன்று கட்டளைகள் போதும். இடைமுகத்தை நிறுத்து, பெயரை மாற்று, மீண்டும் தொடங்கு:

சூடூ ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 டவுன்
சூடூ ஐபி லிங்க் செட் டெவ் இஎன்பி3எஸ்0 நேம் வெளி0
சூடூ ஐபி லிங்க் செட் டெவ் வெளி0 அப்

முதல் வரியை விட்டுவிட்டால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்ற பிழைச் செய்தி வரும். ஓடிக்கொண்டிருக்கும் இடைமுகத்தின் பெயரை மாற்றப் பெரும்பாலான கெர்னல்கள் விடுவதில்லை. புதிய சில கெர்னல்கள் விடுகின்றன என்றாலும் நிறுத்திவிட்டு மாற்றும் பழக்கமே பாதுகாப்பானது. மூன்றாவது வரியில் புதிய பெயரைத்தான் அடிக்க வேண்டும். பழைய பெயரை அடித்துவிட்டு, அப்படி ஒரு கருவியே இல்லை என்ற செய்தியைக் கண்டு பதறுவது எல்லாருக்கும் ஒரு முறை நடப்பதுதான்.

மறுதொடக்கத்துக்குப் பிறகும் பெயர் நிலைத்திருக்க என்ன செய்வது?

பெயரை, கார்டோடு எப்போதும் இருக்கும் ஓர் அடையாளத்தோடு கட்ட வேண்டும். அந்த அடையாளம் மேக் முகவரி. அது 48 பிட்டுகள் கொண்ட எண். இரண்டிரண்டு இலக்கமாக ஆறு தொகுதிகளாக எழுதப்படும். 'ஐபி லிங்க் ஷோ' கட்டளையின் வெளியீட்டில் 'லிங்க்/ஈதர்' என்ற சொல்லுக்கு அடுத்து அது இருக்கும். அதே வரியில் 'பெர்ம்அட்ரு' என்று இன்னொரு முகவரியும் காட்டப்பட்டால், இப்போதைய முகவரி வேறு, கார்டில் பொறிக்கப்பட்டது வேறு என்று பொருள்; பொறிக்கப்பட்டதையே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு சிறிய கோப்பை உருவாக்க வேண்டும். நானோ என்னும் எளிய தொகுப்பியில் இப்படித் திறக்கலாம்:

சூடூ நானோ /இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்/10-வெளி.லிங்க்

கோப்புக்குள் இந்த நான்கு வரிகள் மட்டும்:

[மேட்ச்]
பெர்மனென்ட்மேக்அட்ரஸ்=02:00:00:10:20:30
[லிங்க்]
நேம்=வெளி0

மேக் முகவரி எடுத்துக்காட்டுக்காக இங்கே தரப்பட்டது. உங்கள் கார்டின் முகவரியை அங்கே எழுதுங்கள். இந்தக் கோப்பில் பெரிய எழுத்துகள் முக்கியம்: மேட்ச், லிங்க், நேம் ஆகியவற்றின் முதல் எழுத்தும், பெர்மனென்ட் என்பதன் முதல் எழுத்தும், மேக் என்பதன் மூன்று எழுத்துகளும், அட்ரஸ் என்பதன் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

கோப்பின் பெயரில் உள்ள 10 என்ற எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. சிஸ்டம்டி இத்தகைய கோப்புகளைப் பெயர் வரிசையில் பார்த்து, கார்டோடு முதலில் பொருந்தும் ஒன்றை மட்டும் ஏற்கிறது. அதனோடு வரும் பொதுக் கோப்பு 99 என்ற எண்ணில் தொடங்குகிறது. நம்முடையது அதற்கு முந்த வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சில எடுத்துக்காட்டுகளில் 'நேம்பாலிசி' என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். அதைச் சேர்க்காதீர்கள், அந்த வரியால் ஒரு பெயர் கிடைத்துவிட்டால் நீங்கள் எழுதிய 'நேம்' வரி கவனிக்கப்படாமல் போய்விடும்.

கோப்பைச் சேமித்தபின் மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே அது பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம்:

சூடூ யூடெவ்அட்ம் டெஸ்ட்-பில்டின் நெட்_செட்டப்_லிங்க் /சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0

வெளியீட்டில் உங்கள் கோப்பின் பெயர் தெரிந்தால் எழுதியது சரி. 99 என்று தொடங்கும் கோப்பு தெரிந்தால் எங்கோ எழுத்துப் பிழை இருக்கிறது. பெரும்பாலும் மேக் முகவரியில்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. கணினி தொடங்கும்போது முதலில் விழிக்கும் சிறு கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் இந்தக் கோப்பின் நகல் போக வேண்டும். இல்லாவிட்டால் சில கணினிகளில் பழைய பெயரே தொடரும். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியனை அடியொட்டி சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவற்றில் 'சூடூ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' என்றும், ஃபெடோராவில் 'சூடூ டிராகட் -எஃப்' என்றும் அடியுங்கள். பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டாவது கார்டுக்கும் 'கடை0' என்ற பெயரில் இன்னொரு கோப்பை எழுதுவதாக இருந்தால், இரண்டையும் எழுதி முடித்துவிட்டு ஒரே முறை மறுதொடக்கம் செய்தால் போதும்.

உபுண்டு சர்வரில் நெட்பிளான் இருக்கிறதே?

நெட்பிளான் என்பது நெட்வொர்க் அமைப்புகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் கருவி. அங்கே அதன் வழியாகவே செய்யலாம். '/இடிசி/நெட்பிளான்' அடைவில் உள்ள யாம்ல் கோப்பில், கார்டுக்குரிய பகுதியில் 'மேட்ச்' என்பதன் கீழே 'மேக்அட்ரஸ்' என்ற வரியையும், 'மேட்ச்' உள்ள அதே தள்ளலில் 'செட்-நேம்' என்ற வரியையும் சேர்த்தால் போதும். வரிகளின் தள்ளலை ஸ்பேஸ் விசையால் மட்டுமே அமைக்க வேண்டும்; டேப் விசையை அழுத்தினால் கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடும். நெட்பிளானிலும் எழுதி, மேலே சொன்ன லிங்க் கோப்பையும் எழுதி வைப்பது வேண்டாத குழப்பம். ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள்.

பெயர் மாறிவிட்டது, ஆனால் இணையம் வரவில்லை. என்ன தவறு செய்தேன்?

நீங்கள் தவறு எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். பழைய பெயரை நம்பியிருந்தவர்களுக்குச் செய்தி போகவில்லை, அவ்வளவுதான். வீடு மாறியவர் ரேஷன் கடை, வங்கி, கேஸ் ஏஜென்சி எல்லாவற்றிலும் முகவரியை மாற்ற வேண்டியிருப்பதைப் போல, இங்கேயும் பழைய பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒவ்வொரு கோப்பையும் தேடி மாற்ற வேண்டும். தேடுவதற்கு ஒரே கட்டளை:

சூடூ கிரெப் -ஆர் இஎன்பி3எஸ்0 /இடிசி

இதைப் பெயர் மாற்றுவதற்கு முன்பே ஒரு முறை ஓட்டி, வரும் வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. டெபியனில் '/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்' கோப்பில் பழைய பெயர் இருக்கலாம். இணைப்புகளை நிர்வகிக்க நெட்வொர்க்மேனேஜர் என்னும் நிரலைப் பயன்படுத்தும் கணினியில், ஒவ்வோர் இணைப்பின் அமைப்பிலும் அது எந்த இடைமுகத்துக்கு உரியது என்று எழுதப்பட்டிருக்கக்கூடும். அதை 'என்எம்சிஎல்ஐ' கட்டளையாலோ திரையில் உள்ள அமைப்புப் பெட்டியாலோ திருத்தலாம். கடைக்குள் உள்ள கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்க டிஎன்எஸ்மாஸ்க் வைத்திருந்தால் அதன் கோப்பிலும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட ஃபயர்வாலைக் கவனியுங்கள். இணையம் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். ஃபயர்வால் விதி பொருந்தாமல் போனால் யாருக்கும் தெரியாது. 'இஎன்பி3எஸ்0 வழியாக வருவதைத் தடு' என்று ஒரு விதி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தப் பெயரில் எதுவும் வருவதில்லை. ஆகவே அந்த விதி எதையும் தடுப்பதும் இல்லை. பிழைச் செய்தி வராது, கணினி வழக்கம்போல ஓடும், கதவு மட்டும் திறந்து கிடக்கும். யூஎஃப்டபிள்யூ வைத்திருப்பவர்கள் 'சூடூ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்' என்று அடித்தும், என்எஃப்டேபிள்ஸ் வைத்திருப்பவர்கள் 'சூடூ என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' என்று அடித்தும், பழைய பெயர் எந்த விதியிலும் மிச்சமில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே எழுந்திருங்கள்.

அமைப்புப் பெட்டியில் 'வயர்டு கனெக்‌ஷன் 1' என்பதை 'வெளி0' என்று மாற்றினேன். டெர்மினலில் பழைய பெயரே காட்டுகிறதே?

அங்கே நீங்கள் மாற்றியது இணைப்பின் பெயர், இடைமுகத்தின் பெயர் அல்ல. இணைப்பு என்பது நெட்வொர்க்மேனேஜர் சேமித்து வைத்திருக்கும் அமைப்புகளின் தொகுப்பு மட்டுமே.

பெயரை மாற்றினால் ஐபி முகவரியோ இணைய வேகமோ மாறுமா?

வேகம் மாறாது. மோடம் ஐபி முகவரி வழங்கும்போது கார்டின் பெயரைப் பார்ப்பதே இல்லை, அந்தப் பெயர் கணினிக்கு வெளியே போவதும் இல்லை.

'நெட்.இஃப்நேம்ஸ்=0' என்று, கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் கிரப் நிரலின் அமைப்பில் எழுதிவிட்டால் 'ஈத்0' திரும்பிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

செய்தால் திரும்பும் என்பது உண்மை. ஒரே கார்டு உள்ள கணினியில் அதனால் கேடும் இல்லை. ஆனால் இரண்டு கார்டுகள் உள்ள நம் கடைக் கணினியில் அப்படிச் செய்தால், மேலே சொன்ன வரிசைச் சிக்கல் அப்படியே திரும்பி வரும். அறிவுரை சொன்னவர் ஒரே கார்டை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அதுபோலவே, '70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ்' என்ற யூடெவ் விதிக் கோப்பைப் பற்றிய பழைய குறிப்புகளும் நிறையக் கிடைக்கின்றன. அந்த முறையில் ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறியும் பெயர் வைப்பதற்கு ஒற்றைச் சமக்குறியும் போட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். லிங்க் கோப்பு இருக்கும்போது அதற்குப் போக வேண்டியதில்லை.

வைஃபைக்கும் இதே முறைதானா? யூஎஸ்பி டாங்கிளுக்கும்?

இதே முறைதான். டெபியனிலும் உபுண்டுவிலும் யூஎஸ்பி வைஃபை டாங்கிளுக்கு 'டபிள்யூஎல்எக்ஸ்' என்ற மூன்று எழுத்துகளும், அதையடுத்து மேக் முகவரியின் பன்னிரண்டு இலக்கங்களும் சேர்ந்து பெயராக வரும். அளவு சரியாகப் பதினைந்து. அதைத் தினமும் அடிப்பது உண்மையிலேயே துன்பம், ஆகவே பெயர் மாற்றுவதற்கு அதுவும் நல்ல காரணம். நெட்வொர்க்மேனேஜர் வைஃபையைத் தேடும்போது உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக ஏதோ ஒரு முகவரியை வைத்துக்கொள்வதுண்டு. அதனால்தான் லிங்க் கோப்பில் பெர்மனென்ட் என்ற சொல்லோடு கூடிய வரியையே எழுதச் சொன்னேன்.

கைபேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி இணையம் எடுப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாமல் போகலாம். பல கைபேசிகள் செருகும் ஒவ்வொரு முறையும் புதிய மேக் முகவரியைக் காட்டுகின்றன.

இடி விழுந்து கார்டு எரிந்துவிட்டது. புதிய கார்டு போட்டால் பெயர் தானாக வருமா?

வராது. கோடை மழையோடு வரும் இடியில், கேபிள் வழியாக மின்னழுத்தம் பாய்ந்து லேன் போர்ட் எரிந்துபோவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. புதிய கார்டின் மேக் முகவரி வேறு; லிங்க் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும். இப்படி அடிக்கடி மாற்ற நேரும் என்று தெரிந்தால், மேக் முகவரி வரிக்குப் பதிலாக 'பாத்=பிசிஐ-0000:03:00.0' என்பது போல் இடத்தை எழுதலாம். அந்தத் துளையில் எந்தக் கார்டைச் செருகினாலும் அதே பெயர் கிடைக்கும். ஆனால் புதிய எஸ்எஸ்டி பொருத்தி பஸ் எண் தள்ளிப்போனால் இந்த வரியும் பொய்த்துவிடும். கார்டு எரிவது அதிகமா, உள்ளே புதிய பாகம் சேர்ப்பது அதிகமா என்று பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டும். நான் கடைகளுக்கு மேக் முகவரியையே எழுதிக் கொடுக்கிறேன்.

பழைய பெயரை விடாமல் இன்னொரு பெயரையும் சேர்த்து வைக்க முடியுமா?

கெர்னல் 5.5 முதல் முடியும். மாற்றுப் பெயர் 127 எழுத்துகள் வரை நீளலாம்:

சூடூ ஐபி லிங்க் ப்ராப்பர்ட்டி ஆட் டெவ் இஎன்பி3எஸ்0 ஆல்ட்நேம் வெளி-மோடம்

இதற்கு இடைமுகத்தை நிறுத்த வேண்டியதில்லை. 'ஐபி' கட்டளையில் இரண்டு பெயர்களும் செல்லும். ஆயினும் பெயரை எழுத்தாக ஒப்பிடும் ஃபயர்வால் விதி முதன்மைப் பெயரையே பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாம் குழம்பிவிட்டது, பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி?

நீங்கள் உருவாக்கிய லிங்க் கோப்பை அழித்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்யுங்கள். பெயர் பழையபடி வந்துவிடும். பிற கோப்புகளில் நீங்கள் மாற்றிய வரிகளை மட்டும் கையால் திருத்த வேண்டும். தாளில் எழுதி வைத்திருந்தால் அது பத்து நிமிட வேலை.

வேலை முடிந்த பிறகு வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

கணினியின் பின்புறம், ஒவ்வொரு போர்ட்டுக்கும் அருகில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, அதில் 'வெளி0 – மோடம்', 'கடை0 – சுவிட்ச்' என்று பேனாவால் எழுதுங்கள். கடையின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பெயர், புதிய பெயர், மேக் முகவரி, லிங்க் கோப்பு இருக்கும் இடம், மாற்றிய தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை இந்தக் கணினியைத் திறப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பக்கம்தான்.